மால்டா: ஆறும் காடும் இல்லாத தீவு எப்படித் தனி நாடாக நின்றது?

"மால்டா மொத்தமே 316 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சிகூட அதைவிடப் பெரியது. இவ்வளவு சின்ன இடத்துக்கு அப்படி என்ன வரலாறு இருக்கிறது? அங்கே இருப்பவர்கள் அரபுக்காரர்களா, இத்தாலிக்காரர்களா? பேசாமல் இத்தாலியோடு சேர்ந்திருக்கலாமே, ஏன் தனி நாடு?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அது அந்த ஊர்த் துறைமுகம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நிலம். இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர், லிபியாவுக்கு வடக்கே சுமார் 330 கிலோமீட்டர். ஜிப்ரால்டரிலிருந்து கிழக்கே போகும் கப்பலோ, எகிப்திலிருந்து மேற்கே வரும் கப்பலோ சிசிலிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் உள்ள அந்த இடுக்கைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மக்கள் அதிகம் வாழும் தீவுகள் மால்டா, கோசோ இரண்டும்தான். நடுவில் உள்ள கொமினோவில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களே இருக்கிறார்கள். மலை என்று சொல்ல எதுவும் கிடையாது, மிக உயரமான இடமே 253 மீட்டர்தான். ஆறு கிடையாது, ஏரி கிடையாது, காடு கிடையாது, நிலக்கரியோ இரும்போ எதுவும் கிடையாது. மழை பெய்தால் பள்ளத்தாக்குகளில் கொஞ்ச நாள் தண்ணீர் ஓடும், அவ்வளவுதான். வருஷத்துக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில் மட்டும். கோடையில் மாதக்கணக்கில் ஒரு துளி விழாது.

இருப்பது கல். தேன் நிறத்தில் ஒரு மென்மையான சுண்ணாம்புக்கல், வெட்டியெடுத்த புதிதில் ரம்பத்தாலேயே அறுத்துவிடலாம், காற்றுப்பட்டதும் மேல்பரப்பு இறுகிவிடும். உத்தரம் போட மரம் இல்லாததால் பழைய வீடுகளில் கல்லாலேயே வளைவுகள் கட்டி, அவற்றின் மேல் கல் பலகைகளை அடுக்கிக் கூரை போட்டிருக்கிறார்கள். கோசோவின் வடகரையில் மார்சல்ஃபோர்ன் பக்கம் போனால் இதே கல்லில் கடலோரமாகச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டிய உப்புப் பாத்திகள் வரிசையாக இருக்கும், நூற்றாண்டுகளாகப் புழங்குபவை. கோடையில் கடல்நீரைப் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, படிந்த உப்பைத் துடைப்பத்தால் கூட்டிக் குவித்து அள்ளுகிறார்கள். நம்மூர் உப்பளம் பார்த்தவர்களுக்கு வேலை புதிதாகத் தெரியாது. ஆனால் மண் பாத்தி கிடையாது, ஒவ்வொன்றும் பாறையில் செதுக்கியது.

தண்ணீர்தான் அந்த நாட்டின் தீராத கவலை. 16ஆம் நூற்றாண்டில் இன்றைய தலைநகரான வல்லெட்டாவைக் கட்டியபோதே ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் மழைநீர்த் தொட்டி குடைய வேண்டும் என்று விதி வைத்தார்கள். தீவின் உட்பகுதியில் உள்ள ராபாத் ஊர்ப் பக்கத்து ஊற்றுகளிலிருந்து வல்லெட்டாவுக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளக் கால்வாய் ஒன்று 1615-இல் முடிந்தது, அதன் கல் வளைவுகளைச் சாலையோரத்தில் இன்றும் பார்க்கலாம். இப்போது குழாயில் வரும் தண்ணீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது. மீதி நிலத்தடி நீர், அதையும் போர்வெல் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சிவிட்டதால் உப்பேறிக்கொண்டு வருகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதன் ஏன் குடியேறினான் என்று தோன்றும். ஆனால் கிட்டத்தட்ட எட்டாயிரம் வருஷமாகவே ஆள் இருக்கிறார்கள். கோசோவில் உள்ள ஜகன்தியா பெருங்கற்கோயில் கி.மு. 3600 வாக்கில் கட்டியது, எகிப்தின் பிரமிடுகளை விட ஆயிரம் வருஷம் மூத்தது. உலோகக் கருவியே தெரியாத மக்கள் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள கற்களை நிறுத்தியிருக்கிறார்கள். ராட்சசி ஒருத்தி தலையில் சுமந்து வந்து கட்டினாள் என்று பின்னால் வந்தவர்கள் கதை சொன்னதில் ஆச்சரியமே இல்லை. மால்டா தீவின் தென்கரையில் ஹஜார் ஈம், ம்னாய்த்ரா என்று இரண்டு கோயில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்களில் காலைச் சூரியன் ம்னாய்த்ராவின் வாசல் வழியாக நேராக உள்ளே விழும். இவை எல்லாவற்றையும் விட என்னைப் பிரமிக்க வைப்பது ஹல் சஃப்லியேனி குடைவறை. 1902-இல் வீடு கட்டத் தொட்டி தோண்டியவர்கள் தற்செயலாகக் கண்டுபிடித்தது. தரைக்கடியில் மூன்று அடுக்காகக் குடைந்து, ஆயிரக்கணக்கானவர்களைப் புதைத்திருக்கிறார்கள். கூரையைக்கூட மேலே உள்ள கோயிலின் கூரை மாதிரியே செதுக்கியிருக்கிறார்கள். மூச்சுக்காற்றின் ஈரம் சுவரைக் கெடுக்கிறது என்பதால் ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள், பல வாரம் முன்பே சீட்டு வாங்காவிட்டால் பார்க்க முடியாது. அந்தக் கோயில்காரர்கள் கி.மு. 2500 வாக்கில் மறைந்துவிட்டார்கள். பஞ்சமா, நோயா, மண் கெட்டுப்போனதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் கப்பல்காரர்களின் காலம். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் இன்றைய லெபனான் கரையிலிருந்து வந்த பினீசியர்கள், பிறகு இன்றைய துனீசியாவில் இருந்த கார்த்தேஜ், கி.மு. 218-இல் ரோம். பினீசியர்கள் விட்டுப்போன ஒரு ஜோடிக் கல்தூண்களைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அவற்றில் ஒரே செய்தி பினீசிய எழுத்திலும் கிரேக்கத்திலும் இருந்தது. அதை வைத்துத்தான் பிரெஞ்சு அறிஞர் பார்த்தலமி 1758-இல் பினீசிய எழுத்தைப் படித்தார். ஒரு தூண் வல்லெட்டாவில் இருக்கிறது, இன்னொன்றை பிரெஞ்சு மன்னருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டதால் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமர் காலத்தில், கி.பி. 60 வாக்கில், கைதியாக ரோமுக்குக் கொண்டு போகப்பட்ட புனித பவுல் கப்பல் உடைந்து இங்கே கரையேறினார் என்பது விவிலியத்தில், திருத்தூதர் பணிகள் நூலில் வருகிறது. மால்டாக்காரர்களுக்கு அது வெறும் விவிலியக் கதை கிடையாது, தங்கள் ஊர் வரலாறு. பிப்ரவரி 10 அவர்களுக்குப் பொது விடுமுறை.

உங்கள் "அரபுக்காரர்களா" கேள்விக்கு இங்கேதான் பதில் வருகிறது. 870-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அரபுப் படை தீவைப் பிடித்தது. அதற்குப் பிறகு தீவு ஏறக்குறைய ஆளில்லாமல் கிடந்தது, 1048 வாக்கில்தான் மறுபடி குடியேற்றம் நடந்தது என்று அல்-ஹிம்யரி என்ற அரபு நூலாசிரியர் எழுதியிருக்கிறார். அதை அப்படியே ஏற்பதா என்று அறிஞர்களிடையே சண்டை உண்டு, ஆனால் அதற்கு முன்னால் அங்கே பேசிய மொழியின் தடயம் இன்றைய மொழியில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை என்பதைப் பார்த்தால் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் படுகிறது. அப்படிக் குடியேற வந்தவர்கள் சிசிலியில் வாழ்ந்த அரபு மொழிக்காரர்கள். 1091-இல் சிசிலியின் நார்மன் தலைவன் ரோஜர் வந்தான், 13ஆம் நூற்றாண்டில் இஸ்லாம் அங்கிருந்து போனது, மொழி மட்டும் போகவில்லை. சிசிலி அரபிலிருந்து வளர்ந்த மால்டீஸ் மொழியை லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். சொற்களில் பாதி சிசிலியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்தவை, இலக்கணத்தின் எலும்பு அரபுடையது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் அரபு, ஹீப்ரு அடங்கிய செமிட்டிக் குடும்பத்து மொழி இது ஒன்றுதான். ரத்தத்தில் பார்த்தால் சிசிலிக்காரர்களுக்கு மிக நெருக்கம், மதத்தில் தீவிரக் கத்தோலிக்கர்கள். ஆக, அரபுக்காரர்களும் கிடையாது, இத்தாலிக்காரர்களும் கிடையாது, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து தீவிலேயே உருவான தனி மக்கள்.

1530-இல் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் சார்லஸ், ரோட்ஸ் தீவிலிருந்து துருக்கியர்கள் விரட்டிய புனித யோவான் சபையின் நைட்டுகளுக்கு, அதாவது துறவு வாக்குக் கொடுத்த போர்வீரர்களுக்கு, மால்டாவைக் கொடுத்தார், வருஷத்துக்கு ஒரு வல்லூறு வாடகை. உள்ளூர் மக்களை யாரும் கேட்கவில்லை. நைட்டுகள் வந்ததால் துருக்கியரின் கோபமும் கூடவே வந்தது. 1551-இல் கோசோவைத் தாக்கிய ஓட்டோமான் துருக்கியரின் கப்பற்படை ஏறக்குறைய அந்தத் தீவின் மொத்தச் சனத்தையும், சுமார் 5,000 பேரை, அடிமைகளாக அள்ளிக்கொண்டு போனது. கோசோ அதிலிருந்து மீண்டு பழையபடி ஆள் நிறைய பல தலைமுறை ஆனது.

1565 பெருமுற்றுகையைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். மே மாதம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டோமான் படை வந்து இறங்கியது. துறைமுக வாயிலில் உள்ள செயின்ட் எல்மோ கோட்டை சில நாள்களில் விழுந்துவிடும் என்று நினைத்தார்கள், அது ஜூன் 23 வரை தாக்குப்பிடித்தது. அந்த ஒரு மாதம்தான் போரையே மாற்றியது. செப்டம்பரில் சிசிலியிலிருந்து உதவிப்படை வந்ததும் முற்றுகை கலைந்தது. இதில் எனக்கு எப்போதும் உறுத்தும் ஒரு விஷயம், புத்தகங்களில் புகழெல்லாம் தலைவர் ழான் தெ லா வலெட்டுக்கும் நைட்டுகளுக்கும் போகிறது. ஆனால் நைட்டுகள் எழுநூறு பேர்கூட இல்லை, மதில்களில் நின்று செத்தவர்களில் பெரும்பகுதி மால்டா விவசாயிகளும் மீனவர்களும். இரவில் துறைமுகத்தை நீந்திக் கடந்து செய்தி கொண்டு போனதும் அவர்கள்தான்.

முற்றுகை முடிந்த மறு வருஷமே, 1566 மார்ச் 28-இல், வல்லெட்டாவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். இத்தாலியப் பொறியாளர் லாப்பரெல்லி வெறும் பாறை முனையில் கோடு போட்ட மாதிரி நேர்த்தெருக்களாக வரைந்தார், கட்டி முடித்ததில் பெரும்பங்கு மால்டாக்காரரான ஜிரோலமோ கசாருக்கு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிஷத்தில் நடந்துவிடலாம். தெரு ஒவ்வொன்றின் கடைசியிலும் கடல் தெரியும், மாடிகளில் கண்ணாடி வைத்து மூடிய மரப் பலகணிகள் பச்சையும் சிவப்புமாகத் தொங்கும். செயின்ட் ஜான் இணைப் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608-இல் வரைந்த திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் ஓவியம் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அதுதான், கையெழுத்தையும் யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே போட்டிருக்கிறார். நைட்டுகளின் ஆட்சியில் கலை, மருத்துவமனை எல்லாம் இருந்தது உண்மை. கடற்கொள்ளையும் அடிமை வியாபாரமும் இருந்ததும் அதே அளவு உண்மை.

1798 ஜூனில் எகிப்துக்குப் போகும் வழியில் நெப்போலியன் வந்தான். நைட்டுகள் பெரிதாகச் சண்டை போடாமலே கொடுத்துவிட்டுப் போனார்கள். நெப்போலியன் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை, அதற்குள் அடிமை முறையை ஒழித்தான், பிரபுப் பட்டங்களை ஒழித்தான், தேவாலய வெள்ளியை உருக்கவும் ஆணையிட்டான். கடைசியாகச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. செப்டம்பர் 2-இல் பழைய தலைநகர் ம்தினாவில் ஒரு மடத்தின் சொத்தை ஏலம் விட முயன்றபோது மக்கள் கிளம்பினார்கள், பிரெஞ்சுப் படையை வல்லெட்டா மதிலுக்குள் இரண்டு வருஷம் அடைத்துப் போட்டார்கள். உதவிக்குக் கூப்பிட்ட ஆங்கிலேயர் 1800-இல் உள்ளே வந்தவர்கள், 1979 வரை போகவில்லை.

இனி "ஏன் இத்தாலியோடு சேரவில்லை" என்ற கேள்வி. சேர நினைத்தவர்கள் இருந்தார்கள். நூற்றாண்டுகளாக நீதிமன்றமும் படித்தவர் பேச்சும் இத்தாலியனில்தான் நடந்தது, வக்கீல்களும் பாதிரிமார்களும் இத்தாலியனைப் பிடித்துக்கொண்டார்கள், ஆங்கிலேயர் ஆங்கிலத்தைத் திணித்தார்கள், சாதாரண மக்களின் மால்டீஸை இரண்டு தரப்பும் சமையலறைப் பேச்சாகவே பார்த்தது. 1934-இல்தான் மால்டீஸ் ஆட்சிமொழியானது. பிறகு முசோலினி மால்டா தங்களுடையது என்று முழங்கினார், 1940 ஜூன் 11 காலை இத்தாலிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. இத்தாலி ஆசை அத்தோடு முடிந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

அடுத்த இரண்டு வருஷம் ஜெர்மனியும் சேர்ந்து அடித்தது. 1942-இல் 154 நாள் தொடர்ச்சியாகக் குண்டுவீச்சு. சனங்கள் அந்த மென்கல்லைக் குடைந்து பதுங்கறைகளில் கிடந்தார்கள். ஏப்ரல் 9-இல் மொஸ்தா தேவாலயத்தின் பெரிய குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு, பூசைக்குக் கூடியிருந்த ஏறக்குறைய 300 பேர் நடுவில் விழுந்தது, வெடிக்கவில்லை. அந்த மாதமே பிரிட்டிஷ் மன்னர் நாட்டு மக்கள் மொத்தப் பேருக்கும் சேர்த்து, வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் என்ற சிலுவை விருதைக் கொடுத்தார், தேசியக் கொடியின் மூலையில் இருப்பது அதுதான். விருது வயிற்றை நிரப்பாதே. ஆகஸ்டில் 14 சரக்குக் கப்பல்கள் கிளம்பி 5 தான் வந்து சேர்ந்தன. கடைசியாக வந்த ஓஹயோ என்ற எண்ணெய்க் கப்பல் மூழ்கும் நிலையில் இருந்ததால் இரண்டு பக்கமும் போர்க்கப்பல்களைக் கட்டித் தாங்கியபடி இழுத்து வந்தார்கள். அது துறைமுகத்துக்குள் நுழைந்தது ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அந்தத் தலைமுறை அதைப் புதுமை என்றே நம்பியது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பிரிட்டனுடனேயே ஒரேயடியாக இணைந்து நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பலாமா என்று 1956-இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள், தொழிற்கட்சித் தலைவர் டோம் மின்டோஃப் கொண்டு வந்தது. வாக்களித்தவர்களில் முக்கால்வாசிக்கு மேல் ஆம் என்றார்கள், ஆனால் திருச்சபையும் எதிர்க்கட்சியும் எதிர்த்ததால் நிறையப் பேர் வாக்களிக்கவே வரவில்லை. பிரிட்டனும் இழுத்தடிக்க, பேச்சு முறிந்தது. அப்புறம்தான் எல்லோரும் விடுதலைப் பக்கம் திரும்பினார்கள். 1964 செப்டம்பர் 21 விடுதலை, 1974-இல் குடியரசு. அதே மின்டோஃப் பிறகு ராணுவத் தளத்துக்கான வாடகையை வருஷத்துக்கு 1.4 கோடி பவுண்டாக உயர்த்தி வாங்கினார், 1979 மார்ச் 31-இல் கடைசிப் பிரிட்டிஷ் படையும் கிளம்பியது. பினீசியர் காலத்திலிருந்து முதல் முறையாக அந்தத் துறைமுகத்தில் அந்நியப் படை இல்லை. ஆக, தனி நாடு என்பது அவர்கள் முதலிலேயே கண்ட கனவாக இல்லை, மற்ற வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்ட பிறகு வந்து சேர்ந்த இடம். வந்து சேர்ந்த பிறகு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள், அதை நான் மதிக்கிறேன்.

மக்களைப் பற்றி. போர்க், வெல்லா, கமில்லேரி, ஃபருஜா, சம்மித் என்று சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வருவதால் கிராமங்களில் பட்டப்பெயர் வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்கிறார்கள். கோடை முழுக்க ஏதாவது ஒரு பங்கில் பாதுகாவலர் திருவிழா நடக்கும். சுரூபத்தைத் தோளில் தூக்கி வருவார்கள், பேண்டு வாசிப்பார்கள், காலை எட்டு மணிக்கே அதிர்வேட்டு போடுவார்கள். ஒரே ஊரில் இரண்டு பேண்டு சங்கங்கள் இருந்தால் யார் வாணவேடிக்கை பெரியது என்பதில் தலைமுறைப் பகையே உண்டு, வெடி தயாரிக்கும் கூடங்களில் விபத்தும் சாவும் அவ்வப்போது நடக்கின்றன. அரசியலும் இதே சூட்டில்தான். தொழிற்கட்சி, தேசியக் கட்சி என இரண்டே பெரிய கட்சி, எந்தக் குடும்பம் எந்தக் கட்சி என்று தெருவுக்கே தெரியும். பல தேர்தல்களில் 90 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானது. நஷார் ஊரில் ஓட்டு எண்ணும் கூடத்தில் கட்சி ஏஜென்டுகள் கண்ணாடித் தடுப்பில் மூக்கை வைத்து ஒவ்வொரு சீட்டையும் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள், அதிகாரபூர்வ முடிவுக்கு வெகுநேரம் முன்பே யார் ஜெயித்தார்கள் என்று அவர்கள் கை தட்டுவதிலிருந்து நாடே தெரிந்துகொள்ளும். 2011 வரை விவாகரத்தே சட்டத்தில் இல்லாத நாடு 2017-இல் ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கியது. அதே 2017 அக்டோபரில் ஊழலை எழுதிவந்த பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலீசியாவைக் கார் குண்டு வைத்துக் கொன்றார்கள். அந்தக் கொலை கிளப்பிய போராட்டத்தில் பிரதமரே பதவி விலக நேர்ந்தது. சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது திருவிழாவுக்கு நல்லது, புலனாய்வுக்கும் நீதிக்கும் பெரிய தடை.

நம் பக்கத்துத் தொடர்பும் கொஞ்சம் உண்டு. 1878-இல் ரஷ்யாவை மிரட்டுவதற்காக பிரிட்டன் சுமார் 7,000 இந்தியச் சிப்பாய்களை மால்டாவில் கொண்டுவந்து இறக்கியது, மதராஸ் படையைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிந்தி வியாபாரிகள் வல்லெட்டாவில் கடை போட்டார்கள், அந்தக் குடும்பங்கள் சில இன்னும் அங்கே இருக்கின்றன. 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனின் தலைவர் ஃபொன் முல்லர், கப்பல் அழிந்து பிடிபட்ட பிறகு சிறை வைக்கப்பட்டது மால்டாவில்தான்.

இப்போது நிலைமை தலைகீழ். ஒரு காலத்தில் பிழைப்புத் தேடி லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் என்று கப்பலேறிய நாடு. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து, 2008-இல் யூரோவுக்கு மாறி, சுற்றுலா, இணையச் சூதாட்ட நிறுவனங்கள், நிதிச் சேவை என்று பணம் வர ஆரம்பித்ததும் வெளியாட்கள் வரத் தொடங்கினார்கள். 2021 கணக்கெடுப்பில் 5.19 லட்சம் பேர், ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். 2024-இல் மட்டும் 35 லட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள். எங்கு பார்த்தாலும் கிரேன், பழைய மாடி வீடுகளை இடித்து ஆறு மாடி, ஏழு மாடி, கோடையில் மின்வெட்டு. பேருந்து ஓட்டுவது, முதியோர் இல்லத்தில் பராமரிப்பது, உணவு கொண்டுபோய்க் கொடுப்பது போன்ற வேலைகளில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. ஆங்கிலமும் ஆட்சிமொழி என்பதால் பேச்சில் சிரமமில்லை. ஆனால் வேலை அனுமதி குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டது, ஒரு வீட்டில் கட்டில் கட்டிலாக வாடகைக்கு விடுகிற அளவுக்கு வாடகை ஏறியிருக்கிறது. யாராவது போக யோசித்தால் ஏஜென்டுக்கு லட்சங்களைக் கொடுப்பதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் உள்ள சம்பளத்தையும் ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் பக்கத்து அறை வாடகையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.